பெண்களின் சாதனையும் வகுப்பறைப் போதனையும்

பெண்களின் சாதனைகளைப் பாடசாலை மாணவருக்குக் கற்பிக்கும் முயற்சி பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே முடிந்துவிடுகின்றது. முதற் பெண் பிரதமர், முதற் பெண் மருத்துவர் என்ற வரிசையை மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பர். திறமையுள்ளவள் முன்னேறினாள் எனின், முன்னேறாதவள் திறமையற்றவள் என்ற முடிவுக்கு மாணவி வருவது இயல்பே. சமத்துவத்தைப் போதிக்கப் புகுந்த பாடம் இவ்வாறு சமத்துவமின்மைக்கு நியாயங் கற்பிப்பதாகிவிடுகின்றது.

இதற்கு மாற்றான கற்பித்தல் முறையை, இலங்கை வரலாற்றின் 1931, 1960, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளைக் கொண்டு விளக்கலாம்.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அது ஆட்சியாளர் தாமாக வழங்கிய கொடையன்று. 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை வழங்க ஆணைக்குழு விதந்துரைத்தது. பின்னர் அவ்வயதெல்லை ஆண்களுக்குரியதைப் போன்றே இருபத்தொன்றாக்கப்பட்டது.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார். எனினும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகப் பெண்களுட் பெரும்பாலோர் அதற்கு முன்னரே வாக்குரிமையை இழந்திருந்தனர். 1964இல் அதே பிரதமர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. உச்சியில் ஒரு பெண் அமர்வதும், அடித்தளத்திலுள்ள பெண்ணின் நிலை மாறுவதும் ஒன்றல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1984இலேயே தோட்டத் தொழிலாளருள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. கொழுந்து பறிப்பவருட் பெரும்பான்மையினர் பெண்கள். ஆண்களிலும் நீண்ட நேரம் மலையில் நின்றவர்களும் அவர்களே. ஆயினும் அதுவரை அவர்கள் பெற்றது குறைந்த கூலியாகும். முதற் பெண் பிரதமருக்கும் இச்சம்பளச் சமத்துவத்துக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கப் பணியாற்றி, பாடல்களியற்றிப் பாடிய மீனாட்சியம்மாள் நடேசையரின் பெயரும் இப்போராட்ட வரலாற்றுடன் சேர்த்தே கற்பிக்கப்படவேண்டும்.

இம்மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, 'இவற்றால் எந்தப் பெண்ணின் வாழ்வு மாறிற்று? எவளுடையது மாறவில்லை? ஏன்?' என ஆசிரியர் வினவலாம். அடுத்து, அன்று காலை தத்தம் வீட்டில் தண்ணீர் எடுத்தவர், சமைத்தவர், தம்பி தங்கையரைக் கவனித்தவர் யாவரெனப் பட்டியலிடுமாறு ஆண், பெண் மாணவர் அனைவரையும் பணிக்கலாம். சம்பளச் சமத்துவம் வந்த பின்னரும் வீட்டு வேலை ஒருவர் தலையிலேயே சுமத்தப்பட்டிருப்பதை அப்பட்டியலே உணர்த்தும். ஆண் மாணவரை விலக்கிவைத்துப் பெண்ணுரிமை கற்பிப்பது அரைக்கல்வியேயாகும்.

சாதனையாளரின் பெயர்களை மறைக்கவேண்டுமென்பது எமது கருத்தன்று. அப்பெயர்களை அவரவர் காலத்துச் சமூக உறவுகளினுள் வைத்து நோக்கப் பழக்கவேண்டும். அப்பொழுதுதான் கொழுந்து பறிக்கும் தாயின் மகள், வரலாறு பிறருடையது என எண்ணாது, தன் தாயையும் அதனுள் இனங்காண்பாள்.