சீத்தாப்பழம்: சதை வாய்க்கு, விதை குப்பைக்கு

ஆவணி பிறந்துவிட்டால் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையோரத்தில் சீத்தாப்பழக் கூடைகள் வந்துவிடும். சுற்றுவட்டாரக் குன்றுகளில் தானாக முளைத்துத் தானாகக் காய்த்த பழங்கள், கூறு கட்டி விற்பனைக்கு இருக்கும். உரமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. பாறை இடுக்கில் கொஞ்சம் மண் இருந்தால் போதும், சீத்தா பிழைத்துக்கொள்ளும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். மழை கண்டதும் தளிர்க்கும்.

இந்த மரத்தின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். ஆடு மேயும் செஞ்சிப் பாறைக்காட்டில் அது இவ்வளவு செழிப்பாக நிற்பதற்கு வறட்சியைத் தாங்கும் குணம் மட்டும் காரணமில்லை. பசுந்தழை எதையும் விடாத ஆடு, சீத்தா இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இலை, பட்டை, வேர், விதை எல்லாவற்றிலும் அசிட்டோஜெனின் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. உயிரணுவுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையை, தொடக்கக் கண்ணியிலேயே இவை முடக்கிவிடும். சீத்தா விதைச் சாறு பூச்சிகளைக் கொல்வதும் இதனால்தான். விதையில் இந்த வேதிப்பொருள்கள் மிகவும் செறிவாக இருக்கின்றன.

பழுத்த பழம் ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் அதன் கட்டமைப்பு விளங்கும். அது ஒற்றைப் பழமே அல்ல. ஒரே பூவிலிருந்த பல சூலகங்கள், ஒவ்வொன்றும் ஒரு சுளையாகி, பக்கத்துச் சுளையோடு ஒட்டி வளர்ந்த கூட்டுப்பழம். மேல்தோலில் புடைத்துத் தெரியும் ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு சூலகம். பூ காலையில் பெண்ணாக விரிந்து, பிறகுதான் மகரந்தம் உதிர்க்கும். இடையில் தூதுபோவது பழவாசனைக்கு வரும் குட்டி வண்டுகள். வண்டு சரியாக வராத பூவில் சில சூலகங்கள் கருவுறாமல் போகும். பழம் ஒரு பக்கம் சூம்பிவிடும். கோணல் பழத்தை ஒதுக்காதீர்கள், ருசியில் குறையிருக்காது. கண்களுக்கு இடையே பள்ளம் அகன்று மஞ்சளும் வெண்மையுமாகத் தெரிந்தால் காய் முற்றிவிட்டது. அரிசிப் பானையில் போட்டால் மூன்று நான்கு நாளில் பழுத்துவிடும்.

நூறு கிராம் சதையில் சுமார் 94 கலோரி, 24 கிராம் மாவுச்சத்து, 4 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, 36 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கின்றன. பொட்டாசியமும் கணிசம். வளரும் பிள்ளைக்கு அருமையான சாயங்காலத் தீனி. சர்க்கரை நோயாளிகள் முழுப் பழத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் அளவோடு சாப்பிடலாம்.

பழம் உணவாகவும் மற்ற பாகங்கள் நஞ்சாகவும் இருப்பது சீத்தாவில் மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்டர்பெர்ரி என்றொரு கருநீலச் சிறுபழம் உண்டு. சளிக்கு அதைப் பாகாகக் காய்ச்சிக் குடிப்பார்கள். அதன் இலை, தண்டு, பச்சைக்காய் ஆகியவற்றில் சயனைடை விடுவிக்கும் பொருள்கள் இருக்கின்றன. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் பழத்தை இலை, கிளையோடு நசுக்கிச் சாறு பிழிந்து குடித்தார்கள். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எல்டர்பெர்ரியைக் காம்பு நீக்கி, நன்றாகக் கொதிக்கவைத்தால் ஆபத்து விலகும். சீத்தாவில் அடுப்பை நம்பக்கூடாது. விதையைத் தனியே பிரித்தெடுப்பது ஒன்றுதான் வழி.

தவறிப்போய் ஒரு விதையை முழுதாக விழுங்கிவிட்டால் பதற வேண்டாம். ஓடு கெட்டியானது, அப்படியே வெளியேறிவிடும். உடைந்த விதைதான் வம்பு. அதனால் சுளையை மிக்சியில் கொட்டிச் சுற்றாதீர்கள். கண் அகன்ற சல்லடையில் போட்டுக் கையால் அல்லது கரண்டியால் தேய்த்தால் விதை மேலே தங்கி, சதை கீழே வழியும். பாசந்தி செய்வதானால் பாலைச் சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்த பிறகே சதையைச் சேர்க்க வேண்டும். சூட்டில் விழுந்தால் கசப்பு ஏறிவிடும். வழித்து வைத்த சதை காற்றுப்பட்டுப் பழுப்பாகும் என்பதால் பரிமாறும் நேரத்தில் கலப்பது நல்லது.

சீத்தாவின் உறவுமரமான முள் சீத்தாவின் இலைக் கஷாயம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எனக்குக் கவலை தருகிறது. ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் அந்த இலையின் சாறு புற்றுநோய் உயிரணுக்களைக் கொன்றது உண்மை. மனிதர்களிடம் அது மருந்தென்று நிரூபணமாகவில்லை. கரீபியன் கடலின் குவாதலூப் தீவில், பார்க்கின்சன் போன்ற நரம்புநோய்க்கும் சீத்தா இனப் பழங்கள், இலைக் கஷாயங்களை வழக்கமாக உட்கொள்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது இன்னும் முடிவாகவில்லை. பருவத்தில் பழம் தின்பதற்கு இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு சமாச்சாரம்.

நம் வீடுகளில் இதைவிட நெருக்கமான ஆபத்து பேன் மருந்து. சீத்தா விதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேன் சாவது மெய்தான். ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்படலம் வெந்துபோனதுபோல் உரிந்து, தாங்கமுடியாத வலியும் பார்வை மங்கலும் உண்டாகும். கண் மருத்துவர்கள் இத்தகைய பாதிப்புகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் போய் ‘சீத்தா விதை பட்டது’ என்று சொல்லிவிடுங்கள். பேனுக்கு, மருந்துக்கடையில் பாதுகாப்பான லோஷன் கிடைக்கிறது.