ஒப்படைக்கப்பட்ட கையெழுத்துப்படியும் இதழாசிரியரின் முதற்கடமையும்

ஆய்விதழொன்றுக்குக் கட்டுரை வந்துசேரும் நாளுக்கும், அது மதிப்பீட்டாளரின் கையை அடையும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. கட்டுரையாளருக்கு அது இருண்ட காலமாகும். தம் கட்டுரையை யார் படிக்கிறார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. இணையவழிச் சமர்ப்பிப்பு முறைகள் இவ்விருளை நீக்கிவிட்டன என்று கருதுவோர் உளர். இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் பழைய நிகழ்ச்சியொன்றைக் கவனிப்பது பயன்தரும். 1936-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும், ஈர்ப்பு அலைகள் இல்லையென வாதிட்ட கட்டுரையொன்றை அமெரிக்காவின் ‘பிசிகல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினர். இதழாசிரியர் ஜான் டேட் அதனைத் துறைவல்லுநர் ஒருவரிடம் காட்டி, அவர் எழுப்பிய ஐயங்களோடு ஜூலை 23 அன்று திருப்பியனுப்பினார். ஐன்ஸ்டைன் சினமுற்றார். அச்சிடுவதற்கு அனுப்பினோமேயன்றி, அச்சேறுமுன் பிறரிடம் காட்ட அனுமதி தரவில்லை என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் வல்லுநர் எழுப்பிய ஐயமோ நியாயமானது. 1937-இல் ஃபிராங்க்ளின் நிறுவனத்தின் இதழில் அக்கட்டுரை வெளிவந்தபோது அதன் முடிவு மாற்றப்பட்டிருந்தது. அவ்வல்லுநர் எச். பி. ராபர்ட்சன் என்பது 2005-ஆம் ஆண்டில்தான் ஐயத்திற்கிடமின்றி வெளியாயிற்று. அதற்குச் சான்றாய் அமைந்தது இதழ் அலுவலகத்தின் பழைய பதிவேடே.

எக்கட்டுரை என்று வந்தது, யாரிடம் சென்றது, என்று திரும்பியது என்னும் இக்குறிப்புகளே இன்றைய இணையவழி முறைகளுக்கும் அடித்தளம். அவற்றுள் சிறு இதழ்களுக்கும் எட்டக்கூடியது ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்பது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லின்ஸ்கி 1998-இல் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தின் படைப்பு இது. விலையின்றிக் கிடைப்பதால், பணவசதியற்ற கல்லூரி இதழ்களும் இதனைக் கையாள இயலுகிறது.

இம்முறையில் புதிதாக வரும் கட்டுரை, முதலில் ஒப்படைக்கப்படாதவற்றின் வரிசையில் நிற்கும். முதன்மை ஆசிரியர் அதனைப் பகுதியாசிரியர் ஒருவரிடம் ஒப்படைப்பார். அல்லது, முன்னரே அமைத்துவைத்தபடி அது தானாகவே அவரைச் சேரும். மின்னஞ்சல் ஒன்றும் செல்லும். மதிப்பீட்டுக்கு அனுப்புதல், மறுத்தல், மதிப்பீடின்றியே ஏற்றல் ஆகிய வழிகள் திரையில் அவர்முன் நிற்கும். சில இதழ்களில் அவர் பரிந்துரை மட்டுமே செய்யலாம். தீர்ப்பு முதன்மை ஆசிரியருடையது. இவை யாவும் நாளும் நேரமுமாகப் பதிவாகும்.

இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். கட்டுரை உம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அறிவிக்கும் பொறி, அதனைக் கையாள நீர் தகுந்தவர்தாமா என்று ஆராய்வதில்லை. கட்டுரையாளர் தம் மாணவரா, உடன்பணியாளரா, தம்மோடு கருத்துப்போர் நடத்தியவரா என்பதை ஆசிரியரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் இறையியல் போன்ற துறைகளில் இக்கேள்வி அடிக்கடி எழும். ஆம் என்பது விடையாயின், கட்டுரையைத் திறந்து படிக்குமுன்னரே பொறுப்பை முதன்மை ஆசிரியரிடம் திருப்பிவிடுவது முறை. படித்தபின் விலகுவது அத்துணைச் சிறப்பன்று.

அடுத்தது பெயர்மறைப்பு. கட்டுரையாளரும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் அறியலாகாது என்பது இதழின் விதியானால், தலைப்புப் பக்கத்தை நீக்கினால் மட்டும் போதாது. கணினிக் கோப்பின் பண்புக்குறிப்புகளில் எழுதியவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘நான் என் முந்திய நூலில் காட்டியபடி’ என்னும் அடிக்குறிப்பு ஒன்றே போதும், ஆளைக் காட்டிக்கொடுக்க! பதிவேற்றப்பட்ட கோப்புகளில் எவை மதிப்பீட்டாளருக்குச் செல்லவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அவ்வேளையிலேயே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

மதிப்பீட்டாளரைத் தெரிவுசெய்வதே யாவற்றினும் கடினம். கட்டுரையாளரே சில பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தரும் வழக்கம் பல இதழ்களில் உண்டு. இதனைச் சிலர் தீயவழியில் பயன்படுத்தினர். பொய்யான முகவரிகளை அமைத்துத் தம் கட்டுரைக்குத் தாமே புகழ்ச்சியான மதிப்பீடுகளை எழுதியனுப்பினர். 2014-இல் சேஜ் பதிப்பகம், அதிர்வியல் தொடர்பான தன் இதழொன்றிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2015-இல் பயோமெட் சென்ட்ரல் 43 கட்டுரைகளையும், ஸ்பிரிங்கர் 64 கட்டுரைகளையும் நீக்கின. முகவரி மெய்யானதா என்று பொறி கேட்கவில்லை. ஆசிரியர்களும் கேட்கத் தவறினர். பரிந்துரைக்கப்பட்டவரின் பல்கலைக்கழக முகவரியைத் தாமே தேடியறிந்து எழுதுவது சில நிமிட வேலையே.

காலத்தாழ்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல் ஆகாதென்பது பொதுவிதி. எனவே ஆசிரியர் வாளாவிருக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டுரையாளர் கட்டுண்டு கிடக்கிறார். ஆராய்ச்சிப் பட்டத்திற்காகவோ, பணியுயர்வுக்காகவோ கட்டுரை வெளிவரக் காத்திருப்பவருக்கு இது சிறு இழப்பன்று. மதிப்பீட்டாளருக்குக் கெடுவிதித்து நினைவூட்டும் முறை, ஆசிரியரின் மௌனத்திற்கு எவ்வளவு நாள் கெடு என்பதைப் பெரும்பாலும் இதழின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறது. இதழின் எல்லைக்குள் அடங்குமா, வாதம் ஆதாரங்களோடு நிற்கிறதா என்று காண ஒரு மாலைப்பொழுது போதும். இரண்டு வாரங்களுக்குள் இம்முதல் வாசிப்பை முடித்துவிடுதல் நியாயமென்பது எம் கருத்து.

மறுப்பதாயின், அதற்கான கடிதத்தையும் பொறியே ஆயத்தமாக வைத்திருக்கிறது. ஓர் அழுத்தத்தில் அது போய்விடும். அதனினும், அக்கடிதத்தில் காரணத்தை இரண்டு வரிகளில் எழுதிச் சேர்த்தால், கட்டுரையாளர் குறையைத் திருத்தவோ, தகுந்த வேறு இதழைத் தேடவோ அவ்வாரமே தொடங்கிவிடலாம்.