வாகன பாட்டரியும் வெப்பமும்

மழைக்காலக் காலையில் மோட்டார் கார் கிளம்ப மறுத்தால், பழி மழையின் மீதே விழுகிறது. உண்மையில் பாட்டரியை நலியச் செய்தது அதற்கு முன் வந்த கோடையே ஆகும். முகப்பு விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் கூடுதலாக மின்சாரம் கேட்கும்போதுதான் அந்த நலிவு வெளிப்படுகிறது. வெப்பமண்டல நாடாகிய நமக்கு இது பொருளாதார முக்கியத்துவம் உடைய செய்தியாகும்.

திருவனந்தபுரம் இதற்குத் தக்க சான்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்நகரின் பகல் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. வட இந்தியச் சமவெளியின் கோடையோடு ஒப்பிட்டால் இது கடுமையன்று. ஆனால் ஆண்டின் எந்த மாதத்திலும் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வடக்கே குளிர்காலம் பாட்டரிக்கு அளிக்கும் ஓய்வு இங்கு கிடைப்பதில்லை.

வெப்பம் விளைவிக்கும் சேதம்

கார்களில் பெரும்பாலும் பயன்படுவது, 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டறிந்த ஈய-அமில வகை. ஈயத் தகடு, ஈய டையாக்சைடுத் தகடு, நீர்த்த கந்தக அமிலம் ஆகியவை சேர்ந்த கலம் ஒன்று சுமார் 2 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஆறு கலங்கள் சேர்ந்து 12 வோல்ட் பாட்டரியாகின்றன.

வெப்பநிலை 10 டிகிரி உயரும்தோறும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது. வேண்டாத வினைகளும் இதற்கு விலக்கல்ல. நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் விரைந்து அரிக்கப்படுகிறது. அமிலக் கரைசலில் நீர் குறைகிறது. வண்டி நிற்கும்போதும் மின்னூட்டம் தானே இறங்குகிறது. இக்கணக்கின்படி, 25 டிகிரியில் 4 ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாட்டரி, எப்போதும் 35 டிகிரியில் இருந்தால் சுமார் 2 ஆண்டுகளே உழைக்கும். வெப்பத்தில் பாட்டரி அப்போதைக்குச் சுறுசுறுப்பாக இயங்குவதால், சேதம் உடனே புலப்படுவதில்லை.

எஞ்சின் அறையின் நிலை

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரே ஏறத்தாழ 90 டிகிரியில் இருக்கிறது. புகைபோக்கிக் குழாயின் வெப்பம் அதனினும் பன்மடங்கு. வண்டி ஓடும்போது காற்றோட்டம் இவ்வெப்பத்தை வெளியேற்றுகிறது. தம்பானூர், பாளையம் போன்ற நெரிசலான பகுதிகளில் வண்டி ஊர்ந்து செல்லும்போது அக்காற்று குறைகிறது. எஞ்சினை நிறுத்தியதும் அது நின்றே போவதால், எஞ்சின் அறையின் வெப்பம் சிறிது நேரம் மேலும் உயர்கிறது.

இதனாலேயே பல கார்களில் பாட்டரியைச் சுற்றிக் காப்புறையோ தடுப்புத் தகடோ அமைக்கப்படுகிறது. காப்புறை பாட்டரியைக் குளிரச் செய்வதில்லை. வெப்பம் உட்புகுவதைத் தாமதப்படுத்துகிறது. 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினி காரில் பாட்டரி, எஞ்சினை விட்டு விலகிப் பின்புறப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது.

செலவில்லாத பாதுகாப்பு

பாட்டரியை மாற்றும்போது காப்புறையையும் தடுப்புத் தகட்டையும் கழற்றி எறியாமல் மீண்டும் பொருத்துதல் வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்துதல் நலம். மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் தகடுகள் மூழ்கியிருக்குமாறு காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது. பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், அருகில் நெருப்பு கூடாது. மின்னூட்ட அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் பாட்டரி மேலும் சூடாகும்; ஆகவே அதனை அவ்வப்போது சோதித்தல் அவசியம். அரசு அலுவலகங்களில் பாட்டரி பொருத்திய தேதியும் நீர் ஊற்றிய தேதியும் வண்டிப் பதிவேட்டில் குறிக்கப்பட்டால், காரணமற்ற செலவு எது என்பது தெளிவாகும்.

நாட்டு நலன்

பாட்டரியின் எடையில் பாதிக்கு மேற்பட்டது ஈயமும் அதன் சேர்மங்களுமே. பழைய பாட்டரியின் ஈயத்தை மீட்டுப் பயன்படுத்த முடியும். ஆனால் முறையற்ற உலைகளில் அதனை உருக்கும்போது நச்சுப் புகையும் தூசியும் பரவுகின்றன. யூனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருடைய இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறையற்ற பாட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. பழைய பாட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. பழைய பாட்டரியைத் தெருவோரக் கழிவு வியாபாரியிடம் விற்காமல் விற்பனையாளரிடமே ஒப்படைப்பது நுகர்வோரின் கடமையாகும்.

மின்சார வாகனங்கள் பெருகினாலும் வெப்பப் பிரச்சினை மறைந்துவிடாது. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய லித்தியம்-அயனிக் கலத் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில்துறைக்கு வழங்க இஸ்ரோ 2018-இல் முன்வந்தது. அவ்வகைக் கலங்களும் மிகு வெப்பத்தில் ஆயுள் இழப்பவையே. பல மின்சாரக் கார்களில் அவற்றைத் திரவம் கொண்டு குளிர்விக்கின்றனர்.

ஒரு பாட்டரி ஓராண்டு கூடுதலாக உழைத்தால், உரிமையாளருக்குப் பணம் மிச்சமாகிறது. உருக்கு உலைக்குச் செல்லும் ஈயமும் அந்த அளவிற்குக் குறைகிறது. கழற்றி எறியப்படும் ஒரு காப்புறையை மீண்டும் பொருத்துவதில் தொடங்கும் சிக்கனம் இது.