மீன்படகில் சவாரி: அடியும் சாய்வும் சட்டமும்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பார்க்க மீன்பிடி படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. ஆனாலும் விடுமுறை நாட்களில் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பேச்சு எப்போதும் "அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆள் கணக்கு முக்கியம்தான். ஆனால் அந்தப் படகை எந்த வேலைக்காகச் செய்தார்கள் என்ற கேள்வி அதைவிட முக்கியம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. அதன் அடி ஏறக்குறையத் தட்டை. காரணம் இருக்கிறது. ஏரியின் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது, முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டே வரும், படகை மணலில் ஏற்றி நிறுத்தவும் வேண்டும். வலை, ஐஸ், மீன் எல்லாம் அடிப்பலகையோடு கிடப்பதால் பாரம் தாழ்ந்திருக்கும், நகரவும் நகராது. அதே படகில் இருபது பேரைப் பலகைமேலும் விளிம்பிலும் உட்கார வைத்தால் பாரம் மேலேறிவிடுகிறது. அதோடு அந்தப் பாரத்துக்குக் கையும் காலும் உண்டு. பறவைக்கூட்டம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால், எந்தப் படகோட்டியின் திறமையும் அதை ஈடுகட்டாது.

இனி வேகம். இலேசான படகு வேகம் பிடித்ததும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டு, அதன் மேலேறி வழுக்கத் தொடங்கும். அந்நிலையில் அணியம் (படகின் முன்முனை) மூன்று முதல் ஐந்து டிகிரி வரை தூக்கியிருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். தட்டை அடி குறைந்த சக்தியிலேயே மேலேறிவிடும், ஆனால் சின்ன அலையிலும் அடித்து நொறுக்கும். அணியத்தில் உட்கார்ந்தவர்களின் முதுகெலும்புதான் அந்த அடியை வாங்குகிறது. ஆங்கில 'வி' வடிவ ஆழ அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். ரேமண்ட் ஹன்ட் வடிவமைத்த அத்தகைய படகு 1960இல் மயாமி–நாசாவ் பந்தயத்தைக் கொந்தளிப்பான கடலில் வென்ற பிறகுதான் உலகம் அந்த அடியைத் திரும்பிப் பார்த்தது. பழவேற்காட்டுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அதற்கு அதிகக் குதிரைத்திறனும் அதிக ஆழமும் வேண்டும்.

ஆள் நிறைந்த படகை 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின் அந்த வழுக்கு நிலைக்கு ஏற்றவே ஏற்றாது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அமரம் (பின்முனை) தாழும், அணியம் தூக்கும், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுபவருக்கே தெரியாது. அந்நேரம் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், படகு எழுப்பிய அலையே பின்னாலிருந்து வந்து தாழ்ந்த அமரத்தின் மேல் ஏறிவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது, படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும்.

இஞ்சினை மாட்டும் பட்டையில் வரிசையாகச் சில துளைகள், அவற்றில் ஒரு கம்பிப் பின். இஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அந்தப் பின் படகை ஒட்டிய துளையில் இருந்தால் அணியம் அமுங்கும். முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை தள்ளும்போது அமுங்கிய அணியம் தண்ணீரில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பின்னை வெளித்துளைக்கு மாற்றினால் அணியம் தூக்கும். அளவு மீறினால் படகு தாவித்தாவிக் குதிக்கும், திருப்பத்தில் விசிறி காற்றை இழுத்துப் பிடிப்பு விடும். குதிக்க ஆரம்பித்தால் முதலில் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், பாரத்தை முன்னே நகர்த்துங்கள். பின்னை மாற்றுவது இஞ்சினை நிறுத்திய பிறகு. ஓட்டுபவர் விழுந்தால் இஞ்சினை அணைக்க, அவர் உடம்பில் கட்டவேண்டிய நிறுத்துக்கயிறு பெரும்பாலும் கொக்கியில்தான் தொங்குகிறது. அவர் கீழே விழுந்தால் ஆளில்லாத படகு சுற்றிவந்து அவரையே வெட்டும்.

இனி சட்டம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைக் கொண்டுபோனதும் சுற்றுலாவுக்காக மாற்றியமைத்த மீன்படகுதான். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு, பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகு ஆகாது. பயணிகள் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வு, பதிவு, காப்பீடு, உயிர்காப்புச் சாதனம் எல்லாம் வேண்டும். பாதுகாப்பற்ற நிலையில் உள்ள அல்லது அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய படகில் கூலிக்கு ஆள் ஏற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. கவனக்குறைவால் உயிர் போனால் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை. காசு கொடுத்து ஏறியவரோ அவர் குடும்பமோ இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். படகோட்டி வாய்மொழியாகச் சொல்லும் "ஏறுவது உங்கள் பொறுப்பு" என்ற பேச்சு அந்த உரிமையைப் பறிக்காது. ஏரியிலோ கடலிலோ ஆபத்து நேர்ந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554.

குப்பத்துக்காரர்கள் கேட்க மறந்துவிடும் உரிமை ஒன்று இருக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் படகு வாங்கும் மீனவரும் 2019 நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். ஃபைபர் அடுக்கு மெலிந்து அடி வெடித்தாலும், படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடினாலும், கட்டிக் கொடுத்த பட்டறை பதில் சொல்ல வேண்டும். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழிகாட்ட 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: பட்டறைக்காரரை மாமா, மச்சான் என்று கூப்பிடும் ஊரில் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு யாரும் பில் கேட்பதில்லை. படகின் நீளம், இத்தனை பாரம் தாங்கும், இத்தனை குதிரைத்திறன் இஞ்சின் போடலாம் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் பட்டறையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.