நியுவே சபையின் இருபது ஆசனங்கள்

தென் பசிபிக் சமுத்திரத்தில், டோங்காவுக்குக் கிழக்கே, செங்குத்தான பாறைக் கரைகளோடு எழுந்து நிற்கும் நியுவே என்னும் பவளத்தீவின் பரப்பு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். அதன் ஜனத்தொகையோ 2,000-ஐக்கூட எட்டுவதில்லை. எனினும், பாதுகாப்பிலும் வெளியுறவிலும் நியூசிலாந்தின் துணையைப் பெற்றுக்கொண்டு, உள்நாட்டு நிர்வாகத்தைத் தானே ஏற்பது என்று 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி தன்னாட்சி பூண்ட அத்தீவு, பெரிய தேசங்களுக்குரிய பொறுப்புகள் பெரும்பாலானவற்றையும் தன் தோளில் சுமந்து வருகிறது.

அதன் சபைக்கு அங்கத்தினர் 20 பேர். அவர்களில் 14 பேர் கிராமத்துக்கு ஒருவராக வருகின்றனர்; எஞ்சிய 6 பேரைத் தீவு முழுவதும் ஒரே தொகுதியாக நின்று தேர்ந்தெடுக்கிறது. தோய் போன்ற மிகச் சிறிய ஊரின் பிரதிநிதிக்கும் தலைநகரான அலோஃபியின் பிரதிநிதிக்கும் சபையில் ஒரே மதிப்புள்ள வாக்குதான் என்று கேட்கும்போது, எண்ணிக்கையை மட்டும் நீதியாகக் கருதுவோருக்கு அது கோணலாகத் தோன்றலாம். ஆனால் நிலம் குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாகவும், தேவாலயமும் உறவும் ஊரோடு பிணைந்தனவாகவும் இருக்கும் சமூகத்தில், ஊரைத் தனி உயிராக மதித்து ஆசனம் அளித்ததும், அதன் குறுகிய நோக்கைச் சமன்செய்யப் பொதுத்தொகுதியை உடன் வைத்ததும் ஆழ்ந்த விவேகம் என்பதே என் அபிப்பிராயம்.

அப்பொதுத்தொகுதி வெறும் அலங்காரமன்று. 2008 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சித்தலைவராக விளங்கிய டோக்கே டாலகி, 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதியில் தமக்கிருந்த ஆசனத்தையே இழந்தார்.

இத்தகைய சபையில் பிரதிநிதியின் தர்மசங்கடம் ஊராரோடு அவருக்குள்ள நெருக்கத்திலேயே பிறக்கிறது. மனுவோடு வருபவர் பெரும்பாலும் உறவினர். ஊதிய வேலையிற் பெரும்பகுதி அரசாங்க வேலை. ஒருவருக்குக் காட்டும் சலுகையை மறுநாளே ஊரார் அனைவரும் அறிவர். இதை முன்னுணர்ந்துதான் போலும், அரசியலமைப்பை வகுத்தவர்கள் உத்தியோக நியமனத்தை மந்திரிகளிடம் விடாமல் தனி ஆணையத்திடம் ஒப்படைத்து, கணக்குத் தணிக்கையை நியூசிலாந்துத் தணிக்கை அதிகாரியிடம் வைத்தனர். உறவையும் கடமையையும் ஒரே மனிதர் சுமக்கும் இடத்தில், அவரைக் காப்பாற்ற இத்தகைய வேலிகள் வேண்டும்.

ஆயினும் எந்த வேலியாலும் தடுக்கவியலாத ஒன்று உண்டு; அது குடிபெயர்வு. நியுவே மக்கள் நியூசிலாந்துப் பிரஜைகளாகவும் இருப்பதால், படிப்புக்கும் பிழைப்புக்கும் ஆக்லாந்து செல்லத் தடையில்லை. தீவில் இருப்போரைவிடப் பன்மடங்கு பேர் அங்கே வாழ்கின்றனர். 2004 ஜனவரியில் ஹேட்டா சூறாவளியின் பேரலைகள் உயர்ந்த பாறைக் கரையையும் தாண்டி அலோஃபியின் மருத்துவமனையை அழித்தபோது, இத்தீவில் இனி வாழ முடியுமா என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊருக்குப் பிரதிநிதியாக இருப்பவர், இருப்போருக்காகப் பேசுவதோடு, போனவர்கள் திரும்பிவர ஒரு காரணத்தையும் தேட வேண்டியவராகிறார்.

இத்தனை சிறிய சபையைக் கொண்ட நாடே 2020-இல், தீவின் பரப்பைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு விரிந்த 1,27,000 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக ஒதுக்கும் பெரும் பணியில் முன்நின்றது. அத்தகைய தீர்மானங்கள் ஊராரின் சம்மதம் பெற்றவையாக விளங்க வேண்டுமாயின், கிராம ஆசனங்கள் பல தேர்தல்களில் போட்டியின்றியே நிரம்பும் வழக்கம் மாற வேண்டும். ஊர் சிறிதாயினும், பிரதிநிதியை எதிர்நின்று கேள்வி கேட்க இன்னொருவர் முன்வருதல் அவசியம்.