ராட்டினம் ஏறப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(குடும்பத்தோடு தீம் பார்க் போகிறவர்களுக்குப் பத்து யோசனைகள்)

 

பரீட்சை முடிந்து லீவு விட்டால் நம்ம வகுப்பில் முதல் பேச்சே "எங்கடி போகப் போற?" என்பதுதான். செஞ்சிக்கோட்டை நமக்கு வீட்டு வாசல் மாதிரி. அதனால் எல்லாரும் ஆசைப்படுவது தீம் பார்க்குக்குத்தான். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து இந்த ஆசை இன்னும் ஜாஸ்தி ஆகிவிட்டது.

ஆனால் இது லேசான செலவு இல்லை. பெரிய பூங்கா என்றால் ஒரு ஆளுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் டிக்கெட். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு பஸ், சாப்பாடு. நம்மில் பல பேர் வீட்டில் கூலி வேலை. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அந்தக் கூலியும் போச்சு. அப்படிச் சேர்த்து வைத்துப் போகிற ஒரு நாள் வீணாகலாமா? ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தீம் பார்க் பிறந்த கதை

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்பவர் (மிக்கி மவுஸை உருவாக்கியவர்) தன் இரண்டு பெண்களையும் ராட்டினம் சுற்ற அழைத்துப் போவாராம். பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றுவார்கள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஒரு இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலை 17-ஆம் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். நம் நாட்டில் 1984-இல் டில்லியில் 'அப்பு கர்' வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு யானையின் பெயர் அது. 2008-இல் அதை மூடிவிட்டார்கள். தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவை உருவாக்கிய நவோதயா அப்பச்சன்தான் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற 3டி படத்தையும் தயாரித்தவர்.

அந்தப் பெஞ்சை மறந்துடாதீங்க. கடைசியில் அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். இனி யோசனைகள்.

1. நாள் பார்த்துப் போங்க

பொங்கல், தீபாவளி லீவு, மே மாத ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் வேண்டாம். வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். வார நாளில் போனால் அதே காசுக்கு இரண்டு மடங்கு ராட்டினம் ஏறலாம். பல இடங்களில் டிக்கெட்டும் வார நாளில் குறைவு. கிளம்பும் முன் போன் போட்டு நாலு கேள்வி கேளுங்க: இன்றைக்கு டிக்கெட் எவ்வளவு? எந்த ராட்டினம் பழுது பார்ப்புக்காக நிறுத்தியிருக்கு? மாணவர், முதியவர் சலுகை உண்டா? லாக்கருக்கு எவ்வளவு, அதில் திரும்பக் கிடைக்கிற முன்பணம் எவ்வளவு?

2. வழி தெரிஞ்சுக்கோங்க

இங்கிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். அங்கே சென்னை பஸ் பிடிக்கலாம். முன்பு மாதிரி கோயம்பேடு வரை போகும் என்று நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் அரசு பஸ்கள் அங்கேதான் நிற்கும். திருப்போரூர் பக்கம் போகிறவர்கள் சென்னை வரைக்கும் போகவே தேவையில்லை. செங்கல்பட்டில் இறங்கினாலே திருப்போரூருக்கு ரோடு இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பினால்தான் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. உயரம் அளந்துட்டுப் போங்க

பூங்காவில் வயசை விட உயரம்தான் முக்கியம். குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பதையே பல இடங்களில் உயரம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய ராட்டினங்களுக்கு 120 அல்லது 140 சென்டிமீட்டர் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். இது சும்மா கண்டிப்பு இல்லை. நம்மைப் பிடித்துக்கொள்ளும் கம்பி ஒரு அளவு உடம்புக்குத்தான் செய்தது. சின்ன உடம்பு அதற்குள்ளிருந்து வழுக்கி விடும். அதனால் வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்து, "உனக்கு இது உண்டு, இது இல்லை" என்று தம்பி தங்கைகளிடம் முதல் நாளே சொல்லி விடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கடைசியில் திருப்பி அனுப்பினால் அந்தக் குழந்தை அன்று முழுக்க அழும்.

4. துணியும் தலைமுடியும்

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது. ஈரம் குடித்துக் கனமாகி இழுக்கும். நூல் உதிர்ந்து தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தையும் அடைக்கும். நைலான் டி-சர்ட்டும் முழு நீள லெக்கின்ஸும் வீட்டிலிருந்தே கொண்டு போனால் வாடகைக் காசு மிச்சம். மாற்றுத் துணி, துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, நமக்குத் தேவைப்படும் நாப்கின் இவற்றையும் மறக்காதீங்க.

தோழிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முடியைத் தொங்க விடாமல் இறுக்கிக் கொண்டை போட வேண்டும். 2018-இல் ஹரியானா மாநிலம் பிஞ்சோரில் கோ-கார்ட் என்ற சின்ன பந்தயக் கார் ஓட்டியபோது, தலைமுடி சக்கரத்தில் சிக்கி ஒரு பெண் இறந்து போனார். குடும்பத்தோடு வந்த இடத்தில்தான் அது நடந்தது.

5. வயிறும் தண்ணீரும்

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ராட்டினம் ஏறினால் வாந்திதான். சுற்றும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். மூளை குழம்பிப் போவதால்தான் தலைசுற்றலும் குமட்டலும். காலையில் நாலு இட்லி போதும். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். உள்ளே விலை அதிகம். அதனால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே ஒரு வேளையை முடித்துவிடலாம். தயிர்சாதம் வெயிலுக்குப் புளித்துப் போகும்.

நம்ம ராஜகிரி ஏற வரும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருப்பீங்க. பதினொரு மணி வெயிலில் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் கிளம்பி, பாதிப் படியிலேயே உட்கார்ந்து விடுவார்கள். பூங்காவிலும் அதே கதைதான். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். யாராவது மயங்குவது போல இருந்தால் நிழலில் உட்கார வையுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சர்க்கரையையும் உப்பையும் பொட்டலம் கட்டிப் பையில் போட்டால் கனமா இருக்கப் போகுது?

6. எதை முதலில் ஏறுவது?

கதவு திறந்ததும் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் கூடுவார்கள். நீங்கள் நேராகப் பெரிய ராட்டினத்துக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீர் விளையாட்டு. சாயங்காலம் துணி மாற்றிக்கொண்டு மெதுவான ராட்டினங்கள். ஈரத்துணியோடு நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் குளிரில் நடுங்க வேண்டியதுதான்.

7. கம்பியைப் பிடிங்க!

பெரும்பாலான ரோலர் கோஸ்டர் வண்டிகளில் இன்ஜினே கிடையாது. ஒரு சங்கிலி முதல் மேட்டு உச்சிக்கு இழுத்துப் போய் விட்டுவிடும். மேலே சேர்ந்த நிலையாற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறும். வழியில் உராய்வால் கொஞ்சம் ஆற்றல் குறைவதால்தான் முதல் மேட்டைவிட மற்ற மேடுகள் உயரம் குறைவாக இருக்கும். நாம் இயக்கம் பாடத்தில் படித்த மையநோக்கு விசையும் இங்கே வேலை செய்கிறது. வண்டி திரும்பும்போது நம் உடம்பு நேராகவே போகப் பார்க்கும். அதைத் திருப்பி இழுத்துப் பிடிப்பது இருக்கையும் கம்பியும்தான். அதனால் கை நீட்டுவது, எழுந்து நிற்பது, செல்போனில் படம் எடுப்பது எதுவும் கூடாது. கம்பி பூட்டவில்லை என்று சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் "அண்ணா, இது பூட்டலை" என்று கத்திச் சொல்லுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு கத்தினால் அது ராட்டினச் சத்தத்தோடு போய்விடும்!

2019-இல் அகமதாபாத் காங்கரியாவில் ஒரு ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோய், தீயணைப்புத் துறையினர் வந்து எல்லாரையும் பத்திரமாக இறக்கினார்கள். அப்படி நின்றுவிட்டால் பூட்டைத் திறந்து குதிக்கப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

தீம் பார்க் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். மேல்மலையனூர் மாசித் திருவிழாவுக்குப் போனால் ராட்டினம் ஏறாமல் வருகிறோமா? அங்கேயும் கம்பி பூட்டுகிறார்களா, ஒரு பெட்டியில் அளவுக்கு மேல் ஏற்றுகிறார்களா, கரண்ட் ஒயர் ஈரத்தரையில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

8. தண்ணீரில் விளையாடும்போது

செயற்கை அலைக் குளத்தில் முழங்கால் அளவுதானே என்று விட்டுவிடக் கூடாது. சினிமாவில் வருவது மாதிரி கை ஆட்டிக் கத்திக்கொண்டு யாரும் மூழ்குவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. சின்னப் பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் யாரைப் பார்ப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்றால் யாருமே பார்க்க மாட்டார்கள்.

9. தொலைந்து போனால்

உள்ளே போனதும் ஒரு இடத்தைக் காட்டி, "பிரிந்தால் இங்கேதான் வந்து நிற்கணும்" என்று முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் பெற்றோர் போன் நம்பரைப் பேனாவால் எழுதி விடுங்கள். தெரியாத ஆளோடு போகாமல், சீருடை போட்ட ஊழியரிடம் போகச் சொல்லிக் கொடுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி. இது மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும்.

10. பெஞ்சில் யார்?

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். நாங்கள் ஒருமுறை ஒரு பூங்காவுக்குப் போயிருந்தபோது மரத்தடியில் வரிசையாக அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் நாலு பை, காலடியில் எட்டு செருப்பு. ஒரு பாட்டியிடம், "நீங்க எதுல ஏறினீங்க?" என்று கேட்டேன். "பை இருக்குல்லம்மா" என்றார். அவர்களும் நம்மைப் போல முழு டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே வந்தவர்கள்!

வீட்டில் இருந்தாலும் வேலை, சுற்றுலா வந்தாலும் காவல் வேலையா? எங்கள் வீட்டில் அன்று முறை வைத்துக்கொண்டோம். அரை மணி நேரம் அப்பா, அரை மணி நேரம் நான், பிறகு பாட்டி. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் என்னோடு ஊஞ்சல் ராட்டினத்தில் ஏறினார். அது மேலே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அந்த மாதிரிச் சத்தம் போட்டு அம்மா சிரித்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஆகவே பையைக் குறையுங்கள், லாக்கர் எடுங்கள், இல்லையென்றால் முறை போடுங்கள். இதய நோய், அதிக இரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ராட்டினங்களில் ஏறக் கூடாது. ஆனால் அவர்களுக்கும் குட்டி ரயில், மெதுவான படகு என்று ஏதாவது இருக்கும். பாட்டியைக் கூப்பிட்டுப் பாருங்கள், வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்!

தோழர்களே, "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள். பார்த்துப் போங்க, பத்திரமா ஏறுங்க, எல்லாரையும் ஏத்துங்க. டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து ஏங்கியதால் வந்ததுதான் இந்த தீம் பார்க். அங்கே போய் நம்ம வீட்டில் ஒருத்தரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வரலாமா? நீங்களே சொல்லுங்கள்.

 

— ஒன்பதாம் வகுப்பு மாணவி