ஆயிரம் மைல் தள்ளி ஒரு லாப்ஸ்டர் ரோல்

சரக்கு விளையும் ஊரில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு கவலை என்றால், வெளியூரிலிருந்து வரவழைத்து விற்பவருக்கு ஒன்பது கவலை. நமது அங்கத்தினர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலே இல்லாத ஊரில் கடல் சரக்கை, அதுவும் எளிதில் கெட்டுப்போகும் சரக்கை, நல்லபடியாக விற்க முடியுமா என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலம் லாப்ஸ்டருக்குப் பேர்போனது. நாம் சிங்கி இறால் என்கிறோமே, அதன் தூரத்து உறவு. நம் கடலில் கிடைப்பதற்குப் பெரிய கொடுக்கு கிடையாது. அங்குள்ளதற்கு நண்டைப் போல இரண்டு பெருங்கொடுக்குகள் உண்டு. அந்தச் சதையை வேகவைத்து, ஆறவைத்து, மயோனைஸ் சிறிது சேர்த்துப் புரட்டி, வெண்ணெயில் வாட்டிய நீள ரொட்டியின் நடுவே நிரப்பித் தருவதே லாப்ஸ்டர் ரோல். சற்றுத் தெற்கே கனெக்டிகட் மாநிலத்தில் மயோனைஸ் இல்லாமல், சூடான உருக்கிய வெண்ணெயோடு தருவார்கள். எது அசல் என்று இரு தரப்புக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் அதில் தலையிடப் போவதில்லை.

இதே ரோலை ஒருவர் சிகாகோவில் சாப்பிட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெய்ன் கரையிலிருந்து சாலை வழியே ஆயிரம் மைலுக்கு மேல். லாப்ஸ்டர் செத்த பின் அதன் சதை வெகு விரைவில் கெட்டுவிடும். ஆகவே சமையல்காரன் கைக்கு வரும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும், அல்லது கரையிலேயே பக்குவப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். நடுவழி என்று ஒன்று கிடையாது. 1840களிலேயே மெய்னில் அதை வேகவைத்து டப்பாவில் அடைக்கும் தொழில் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான்.

உயிரோடு வரவழைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒன்றேகால் பவுண்டு எடையுள்ள, அதாவது சுமார் 570 கிராம் லாப்ஸ்டரை உடைத்தால் கிடைக்கும் சதை நாலைந்து அவுன்ஸ்தான். ஒரு நல்ல ரோலுக்கு நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் சதை வேண்டும். ஆக, ரோல் ஒன்றுக்கு லாப்ஸ்டர் ஒன்று. ஐந்தில் நாலு பங்கு ஓடும் கழிவும். அந்தக் கழிவுக்கும் சேர்த்து விமானக் கூலி கொடுக்க வேண்டும்! வழியில் செத்தது வேறு, குப்பைக்குப் போகும். வந்து சேர்ந்ததைக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் வைத்தாலும், இரை இல்லாமல் கிடக்கக் கிடக்க உள்ளே சதை சுருங்கும். ஓடு அப்படியே இருக்கும். வாங்கியபோது இருந்த எடை விற்கும்போது இராது. இது எந்த மளிகைக்காரருக்கும் பழகிய நஷ்டமே.

இதற்கு வழி கண்டவர்கள் கரையோரப் பதனிடும் தொழிற்சாலைக்காரர்கள். வால் பகுதியைத் தனியே பிரித்து, நல்ல விலைக்குப் பெரிய உணவகங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொடுக்கிலும் அதன் கணுக்களிலும் உள்ள சதையை எடுத்து, உடனே உறையவைத்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். ரோலுக்கு வேண்டியதும் அதுவே. வாலைவிட அது மிருதுவானது, இனிப்பும் கூடுதல் என்பது நம் கட்சி. உள்நாட்டில் கிடைக்கும் நல்ல ரோல்களில் பெரும்பாலானவை இந்தப் பொட்டலத்திலிருந்து வந்தவையே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிர்பெட்டியில் மெதுவாக உறைநிலை தெளியவிட்டு, நீரை நன்றாக வடித்துப் பயன்படுத்தினால் குறை சொல்ல முடியாது. அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வாங்கும் வியாபாரி கவனிக்க வேண்டியது, பொட்டலத்தின் மேல் எழுதிய எடையை அல்ல, நீர் வடித்த பின் நிற்கும் எடையை.

கலப்படமும் இங்கேதான் நுழைகிறது. செலரித் தண்டை நறுக்கிப் போட்டு அளவைக் கூட்டுவது சின்னத் தந்திரம். வெள்ளை மீனை அரைத்து, சாயம் பூசி, அச்சில் வார்த்ததைச் சேர்ப்பது பெரிய தந்திரம். லாங்கோஸ்டினோ என்று ஒரு சிறு பிராணி உண்டு. பெயரைக் கேட்டால் லாப்ஸ்டருக்குத் தம்பி போலிருக்கும், விலையோ வெகு குறைவு. 2016ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, 28 உணவகங்களில் லாப்ஸ்டர் என்று விற்ற பண்டங்களைச் சோதனைக்கு அனுப்பியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலிவான வேறு சரக்கு கலந்திருந்தது. கடலோர ஊர்க்காரரை ஏமாற்றுவது கடினம். லாப்ஸ்டரையே பார்த்திராத ஊரில் யார் கேட்கப் போகிறார்கள் என்ற துணிவு!

விலையிலும் ஒரு வேடிக்கை. 2012ல் கடல் சீக்கிரம் சூடாகி, மெய்னில் 12 கோடி பவுண்டுக்கு மேல் லாப்ஸ்டர் குவிந்தது. மீனவருக்குக் கிடைத்த சராசரி விலை பவுண்டுக்கு 3 டாலர்கூட இல்லை. ஆனால் தூரத்து உணவகங்களின் விலைப்பட்டியல் பெரிதாக இறங்கவில்லை. குறைத்தால் மட்டச் சரக்கு என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2009ல், மெய்னில் லாப்ஸ்டர் பதனிடும் தொழில் செய்தவரின் மகனான லூக் ஹோல்டன் நியூயார்க்கில் சிறு கடை போட்டார். இடைத்தரகு இல்லாமல் நேரே கொள்முதல், ரோலில் நாலு அவுன்ஸ் சதை, மற்றச் சேர்மானம் மிகக் குறைவு. கடை பல ஊர்களுக்குக் கிளை விட்டது. மெய்னைச் சேர்ந்த இரு உறவினர்கள் 2012ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வண்டியில் தொடங்கிய வியாபாரமும் அப்படியே பரவியது.

ரொட்டியை மறந்துவிட்டோமே. மேற்புறம் பிளந்து, இருபக்கமும் மேல்தோல் இல்லாமல் தட்டையாக இருப்பதுதான் அசல் ரொட்டி. அந்தப் பக்கங்கள்தான் வெண்ணெயில் பொன்னிறமாக வாடும். உள்நாட்டு ரொட்டிக் கடைகளில் அது சுலபத்தில் கிடைப்பதில்லை. சிரத்தையுள்ளவர் தனியாகச் சொல்லிச் செய்விக்கிறார், அல்லது சாதா ரொட்டியின் இருபக்கத் தோலையும் கத்தியால் சீவிக்கொள்கிறார். புதிதாக ஒரு கடைக்குள் நுழைபவர் முதலில் ரொட்டியைப் பார்த்தால் போதும், மற்றதைப் பாதி ஊகித்துவிடலாம். அடுத்து, சதை உறையவைத்து வந்ததா என்று கேட்க வேண்டும். "ஆமாம், மெய்னிலிருந்து வந்தது, ஒன்றில் நாலு அவுன்ஸ் வைக்கிறோம்" என்று தயங்காமல் சொல்பவர் கடையில் உட்காரலாம். "இன்று காலை பிடித்தது" என்று ஆயிரம் மைல் தள்ளி நின்று சொல்பவரிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வரலாம்.

ஒன்று மட்டும் உள்நாட்டுக் கடைக்காரர் என்ன செய்தாலும் எளிதில் கைகூடாது. கோடையில் லாப்ஸ்டர் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும். அந்த மெல்லோட்டுச் சரக்கில் சதை குறைவு, ருசி அதிகம் என்று மெய்ன்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் அது நெடும் பயணத்தைத் தாங்காது. அதற்கு ஜூலை, ஆகஸ்ட்டில் கரைக்கே போய்த்தான் சாப்பிட வேண்டும்.